எதிர் முகம், பக்கத்து முகம்

கவா வேர்ச்சாறு குடிக்கிற வட்டத்தில் லொபேட்டி வாயைத் திறந்தால் பாதிரியார்கூடச் சிரட்டையைக் கீழே வைத்துவிடுவார். வாயில் கவாவோடு சிரித்து மூக்கு வழியாக அது வெளியே வந்த அனுபவம் அவருக்கு உண்டு. அப்படிப்பட்ட லொபேட்டி ஒரே ஒரு ஆள் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவான். அது அவனுடைய அக்கா கலோலைனே.

பயம் இல்லை, மரியாதை. அக்காள் இருக்கிற வீட்டுக் கூரைக்கு அடியில் தம்பி உட்காரக் கூடாது. அவள் காதுபட விளையாட்டுப் பேச்சு பேசக் கூடாது. முகத்துக்கு நேரே முகம் வைத்து அரட்டை அடிக்கவே கூடாது. தொங்காத் தீவுகளில் இப்போது பல குடும்பங்கள் இதையெல்லாம் தளர்த்திவிட்டன. நெயாஃபு பட்டணத்தில் அக்காளும் தம்பியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ரக்பி பார்க்கிறார்களாம். "நம்ம வீட்டுக்கு அந்த நாகரிகம் இன்னும் வரல. கப்பல் லேட்டு" என்பான் லொபேட்டி, அக்கா இல்லாத இடத்தில்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சாலையும் ஒரு சீமைப்பலா மரமும்தான். சேதி போவதும் வருவதும் லொபேட்டியின் மனைவி ஃபுசி வழியாக.

"தபால்காரனுக்குச் சைக்கிளாவது உண்டு. எனக்குச் செருப்பும் தேஞ்சு போச்சு" என்பாள் அவள்.

கலோலைனேயின் ஒரே மகன் கெபு போன வருஷம் மீன் பிடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. பவளத் திட்டில் படகின் ஒரு பலகை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. உடல் இல்லாததால் கல்லறை இல்லை. கல்லறை இல்லாததால் வெள்ளை மணல் கொட்டவும், கருங்கூழாங்கல் பரப்பவும், தலைமாட்டில் தையல் விரிப்பு கட்டவும், ஞாயிறு தோறும் போய் உட்காரவும் அவளுக்கு ஓர் இடம் இல்லை.

துக்கத்துக்கு ஒரு வருஷம் கறுப்புடுத்தி, பெரிய முரட்டுப் பாயை இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். வருஷம் முடிகிற அன்று கழற்ற வேண்டும். அந்த நாள் வருகிற திங்கட்கிழமை. ஆனால் கலோலைனே முன்பே சொல்லிவிட்டாள்.

"எங்க நின்னு கழட்டுறது ஃபுசி? கடலைப் பாத்தா? கடலுக்குத் தலைமாடு எது, கால்மாடு எது? அவனுக்குன்னு ஒரு இடம் இருந்தா கழட்டுறேன். இல்லேன்னா இது என் மேலயே கிடக்கட்டும்."

இதை ஃபுசி வந்து சொன்னதும் லொபேட்டி நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அவன் தச்சன். அன்றே இரும்புமரத்தில் ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுத்தான். திட்டின் ஊடே படகு நுழைகிற வாய்க்கு நேரே, கரை முனையில் அதை நட வேண்டும். உச்சியில் ஒரு விளக்கு. வெயிலைக் குடித்து இருட்டில் எரிகிற விளக்கு. அதைச் சுற்றி நான்கு முக்கோணக் கண்ணாடிகள் சேர்ந்த சின்னப் பிரமிடு. அடி அறுபதுக்கு அறுபது சென்டிமீட்டர், உயரம் முப்பது. வருகிற படகுக்கு அது வழி காட்டும். வராத படகுக்கு அதுவே இடம்.

கண்ணாடி நெயாஃபுவில் வெட்டியாயிற்று. கண்ணாடியும் கண்ணாடியும் சேர்கிற விளிம்புகளில் வைக்க ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பா மகன் பித்தளைப் பட்டைகள் அனுப்பியிருந்தான். நீளவாக்கில் நடுவே மடித்து விளிம்பின்மேல் கவிழ்க்க வேண்டும்.

"நாலு விளிம்புதானே, ஏன் அஞ்சு பட்டை அனுப்பின?" என்று போனில் கேட்டான் லொபேட்டி.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றான் அவன்.

எவ்வளவு மடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கோணம் பிடிக்க லொபேட்டியிடம் ஒரு மடக்கு மட்டம் இருந்தது. மரக் கைப்பிடி, ஒரு திருகு, திருகைத் தளர்த்தினால் விரிகிற இரும்பு நாக்கு. பட்டறைச் சுவரில் அது தொங்கிய ஆணி மட்டும் இப்போது இருந்தது. எங்கே என்று யாராவது கேட்டால், "எலி தூக்கிட்டுப் போச்சு" என்பான்.

எலி அல்ல. கெபு. அக்காள் மகனுக்குத் தாய்மாமன் வீட்டில் எதையும் எடுக்க உரிமை உண்டு. மாமன் ஏன் என்று கேட்க முடியாது. கெபு இந்த உரிமையை ஒரு கலையாகவே வளர்த்திருந்தான். ரம்பம், இரண்டு நல்ல சட்டைகள், ஒரு சினைப் பன்றி. வாசலில் நின்று, "மாமா, இது எனக்கு" என்பான். "எடுத்துக்கோ. என் பல்லு மட்டும் மிச்சம் வை" என்பான் லொபேட்டி. கெபு போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போவான். கடைசியாக எடுத்தது மடக்கு மட்டம். அது படகில் இருந்தது.

வேறு வழியில்லாமல் லொபேட்டி கணக்கின் துணையை நாடினான். கணக்கு என்றால் ஊரில் கலோலைனேதான். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"அக்காகிட்ட கேளு. உயரம் முப்பது, அடி அறுபது. ஒரு முகத்துக்கும் இன்னொரு முகத்துக்கும் நடுவுல என்ன கோணம்னு."

ஃபுசி கிளம்பினாள். சீமைப்பலா மரம் வரை கேள்வி ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அவளுக்குள் ஒரு கூச்சம் வந்தது. தம்பி அக்காளிடம் கேட்டனுப்புகிற கேள்வியில் முகத்துக்கும் முகத்துக்கும் என்று எப்படிச் சொல்வது? கேட்கவே நன்றாக இல்லையே. சாலையைத் தாண்டுவதற்குள் அவள் அதைத் திருத்திவிட்டாள்.

"அண்ணி, கண்ணாடி ஒரு பக்கம் எவ்வளவு சாய்வுன்னு கேட்டு வரச் சொன்னாரு."

கலோலைனே கறுப்புத் துணியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நடுவுலேருந்து பக்கத்துக்கு முப்பது, உயரமும் முப்பது. நாற்பத்தஞ்சு டிகிரி."

ஃபுசி நாற்பத்தைந்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

லொபேட்டி யோசித்தான். ஒரு பக்கம் நாற்பத்தைந்து. இரண்டு பக்கம் சேர்ந்தால் தொண்ணூறு. இருந்தாலும் அவன் எச்சரிக்கையான ஆள். அட்டையில் நான்கு முக்கோணம் வெட்டி ஒட்டி, இரண்டு குச்சிகளை ஆணியால் இணைத்து, ஒரு விளிம்பில் குச்சியை மட்டமாக, தரைக்கு இணையாக வைத்துப் பார்த்தான். செங்கோணம் பார்க்கிற மூலமட்டத்தோடு ஒப்பிட்டான். கச்சிதமாகத் தொண்ணூறு.

"ரெண்டு சாட்சி. கோர்ட்டே ஒத்துக்கும்" என்றான்.

சனிக்கிழமை மதியம் முதல் பட்டையை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி, மரச் சுத்தியலால் அடித்து மடித்தான். தகரத் துண்டு ஒன்றை மடித்து முதலில் பார்த்திருக்கலாம். எந்த முட்டாளுக்கும் அது தோன்றியிருக்கும். லொபேட்டி எந்த முட்டாளையும் போல இல்லை.

விளிம்பில் வைத்தான். ஒரு கண்ணாடியில் பட்டை படிந்தது. அடுத்த கண்ணாடியோடு சேரவில்லை. சுண்டுவிரல் நுழைகிற அளவு சந்து. திருப்பிப் போட்டான், சந்து இந்தப் பக்கம் வந்தது. கொஞ்சம் விரிக்கலாம் என்று ஓரத்தை நெம்பினான். மடிப்பில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. கையை எடுத்துவிட்டான்.

"விரிச்சா பிளந்துடும்னு நீதானே சொன்ன?" என்றாள் ஃபுசி.

"சொன்னேன். நான் சொன்னா நான் கேக்குறதில்லையே."

சிரிக்க இருவராலும் முடியவில்லை. மிச்சம் நான்கு பட்டை, நான்கு விளிம்பு. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது, சரியான கோணமோ தெரியவில்லை. அடுத்த கப்பல் வியாழக்கிழமை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டால் இருட்டு, விடிந்தால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை தொங்காவில் சுத்தியல் சத்தம் கேட்டால் போலீஸ் வரும். அதற்கு முன்னால் பாதிரியார் வருவார்.

மறுநாள் ஆராதனையில் அவன் எந்தப் பாட்டையும் சரியாகப் பாடவில்லை. முன்வரிசையில் அக்காவின் முதுகு தெரிந்தது. முரட்டுப் பாய் அவள் மார்பு வரை ஏறியிருந்தது. ஒரு வருஷத்தில் அவள் சின்னதாகிவிட்டாளா, பாய் பெரிதாகிவிட்டதா என்று யோசித்தான். நாளைக்கு அதை அவள் கழற்றப்போவதில்லை. காரணம் கடல் இல்லை, பித்தளை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஃபுசி எழுந்தாள். அவள் இலையில் சேப்பங்கிழங்கு அப்படியே இருந்தது.

"நான் போய் சொல்றேன்."

"என்னன்னு?"

"நடந்ததை. எல்லாத்தையும். நான் மாத்திக் கேட்டதையும் சேர்த்து."

"என்ன மாத்தின?" என்று அவன் கேட்பதற்குள் அவள் மரத்தைத் தாண்டியிருந்தாள்.

திரும்பி வந்தபோது ஃபுசி தனியாக வரவில்லை. லொபேட்டி பட்டறைக்குள் அட்டைப் பிரமிடை வெறித்துக்கொண்டிருந்தான். பாய் உரசுகிற சத்தம் கேட்டது. துள்ளி எழுந்து பின்வாசல் பக்கம் பாய்ந்தான்.

"உள்ளேயே இரு தம்பி." அக்காவின் குரல். "நான் வெளியில உக்காந்துக்கிறேன்."

தகரச் சுவருக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட ஓடத்தின்மேல் அவள் உட்கார்ந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். தகரம் உள்பக்கம் லேசாகப் புடைத்தது. அவன் அதே சுவருக்கு உள்ளே முதுகைத் திருப்பி உட்கார்ந்தான். வாசற்படியில் ஃபுசி.

"குச்சியை எப்படிப் பிடிச்ச?"

"அண்ணி என்ன கேக்குறாங்கன்னா," என்று ஆரம்பித்தாள் ஃபுசி, பழக்க தோஷத்தில்.

"எனக்குக் கேக்குது" என்றான் லொபேட்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "மட்டமா பிடிச்சேன்க்கா. தரைக்கு இணையா."

"அதான். பிரமிடை மட்டமா எங்க வெட்டினாலும் சதுரம்தான் கிடைக்கும். சதுரத்தோட மூலை தொண்ணூறு. நீ அளந்தது சதுரத்தை. விளிம்பு சாய்ஞ்சு வருது இல்லையா, அந்த விளிம்புக்குச் செங்குத்தா பிடிக்கணும்."

"நாற்பத்தஞ்சும் நாற்பத்தஞ்சும் சேர்ந்தாலும் தொண்ணூறு வந்துச்சேக்கா."

"அது எதிர் முகம். கிழக்கும் மேற்கும். அதுங்க ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூறுதான், சரி. ஆனா அதுங்க சேர்றதே இல்ல. உச்சியில ஒரு புள்ளியில தொட்டுக்கிறதோட சரி. விளிம்பு முழுக்கச் சேர்ந்து நிக்கிறது பக்கத்து முகம். அது வேற கோணம்."

சீமைப்பலா இலை ஒன்று கூரையில் விழுந்தது.

"நூல் இருக்கா?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு ஞாயிறாச்சே."

"கணக்கு வேலையில சேராது தம்பி. என் வகுப்புல ஒருத்தனும் இதுவரைக்கும் அதை வேலைன்னு நினைச்சுச் செஞ்சதில்ல."

இது நகைச்சுவையா இல்லையா என்று லொபேட்டிக்குத் தெரியவில்லை. சிரிக்கலாமா என்று ஃபுசியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஒரு விளிம்பை எடுத்துக்கோ. அது இறங்குற மூலைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மூலை இருக்கு. அங்கேருந்து ஒவ்வொரு நூல், கண்ணாடி மேல படிஞ்ச மாதிரி, அந்த விளிம்புக்கு இழு. நூல் விளிம்புல செங்குத்தா வந்து நிக்கணும். மூலமட்டம் வச்சுப் பாரு."

அவன் அட்டையில் நூலை இழுத்தான். மூலமட்டத்தை வைத்தான், நகர்த்தினான், மறுபடி வைத்தான். "ரெண்டு நூலும் ஒரே இடத்துல வந்து நிக்குதுக்கா."

"நிக்கத்தான் வேணும். நூல் நீளம்?"

"நாற்பத்தொன்பது. ரெண்டுமே."

"நூல் கிளம்புற மூலை ரெண்டுக்கும் நடுவுல, அடியில குறுக்கே எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு. ஒரு நூலிழை கம்மி."

"இப்ப உனக்கு ஒரு முக்கோணம் கிடைச்சிருச்சு. ரெண்டு நூல், ஒரு குறுக்குக் கோடு. நூலுக்கும் நூலுக்கும் நடுவுல இருக்குறதுதான் உன் கோணம். நடுவுல ரெண்டாப் பிளந்தா செங்கோண முக்கோணம். குறுக்குக் கோட்டுல பாதியை நூல் நீளத்தால வகுத்தா, பாதிக் கோணத்தோட சைன்." அவள் வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது. "பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு ஆறு. அறுபது டிகிரி. ரெண்டு பாதி. நூற்றிருபது."

"நூற்றிருபது" என்றான் லொபேட்டி. தொண்ணூறுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டான்.

"தொண்ணூறுன்னா ரெண்டும் ரொம்ப நெருக்கி நிக்குது. இது கொஞ்சம் விலகி நிக்கும். ஆனா விளிம்பை விடாது." பாய் அசைந்தது. எழுந்திருக்கப் போகிறாள். "உன் மடக்கு மட்டத்தை நூற்றிருபதுக்குத் திறந்து வச்சுக்கோ. காலையில அதைப் பாத்து மடி."

"அது இங்க இல்லக்கா."

"எங்கே அது?"

எலி நாக்கு நுனி வரை வந்தது. அக்காவிடம் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. வாசற்படியில் ஃபுசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கெபு எடுத்துட்டுப் போனான்க்கா."

"எப்போ?"

"போறதுக்கு முந்தின வாரம். படகுக்கு விலாக்கட்டை மாத்தணும்னு. வாசல்ல நின்னு, மாமா, இது எனக்குன்னான்."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா திருப்பிக் கேக்குற மாதிரி இருக்குமேன்னு. மருமகன் எடுத்ததை மாமன் கேக்கலாமாக்கா?"

திட்டில் அலை விழுகிற சத்தம் வந்தது. எப்போதும் வருகிற சத்தம்தான், இன்றைக்குக் காது அதைத் தேடிப் போயிற்று. லொபேட்டியால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஐம்பது வருஷமாக மௌனத்துக்கு அவனிடம் ஒரே ஒரு மருந்துதான். வாய் தானாகத் திறந்தது.

"இருக்கட்டும்க்கா, அவன்கிட்டயே இருக்கட்டும். அங்க ஒரு அலையாவது நேரா நிக்குதா? கோணம் சரிபாக்க ஒரு ஆள் வேணுமில்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அக்காவின் காதுபட. அதுவும் செத்தவனைப் பற்றி. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஃபுசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் முதுகில் தகரம் நடுங்கியது. எழுந்து போகிறாள் என்று நினைத்தான். போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகையா சிரிப்பா என்று தகரம் பிரித்துச் சொல்லவில்லை. வெகுநேரம் அது நடுங்கியது. அவனும் சாய்ந்த முதுகை எடுக்கவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்: "அந்தப் பன்னி. அது சினைப் பன்னிதானே?"

"ஆமாக்கா."

"தெரியும். குட்டி ஒவ்வொண்ணுக்கும் உன் பேரைத்தான் வச்சான்."

ஃபுசிதான் முதலில் வெடித்தாள். அப்புறம் சுவருக்கு வெளியே. இந்த முறை சந்தேகம் இல்லை, சிரிப்பேதான். லொபேட்டி மட்டும் சிரிக்கவில்லை. நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவன்தான், ஆனால் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

போகும்போது அவள் சொன்னாள்: "மட்டம் இல்லேன்னா பரவாயில்ல. ஒரு வட்டம் போட்டு மூணு சமபாகமா வெட்டு. ஒரு பாகம் நூற்றிருபது."

திங்கட்கிழமை கிழக்கு வெளுத்ததும் சுத்தியல் சத்தம் கேட்டது. இந்தத் தடவை தகரத்தில் முதலில் மடித்துப் பார்த்தான். பலகையில் வரைந்த பாகத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு பித்தளை. முதல் பட்டையை விளிம்பில் கவிழ்த்தபோது கண்ணை மூடிக்கொண்டான். விரலால் தடவினான், இரண்டு பக்கமும். சந்து இல்லை. நான்காவதையும் ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது சுவரோரம் ஏதோ குறைவதாகப் பட்டது. வீணாய்ப் போன தொண்ணூறு டிகிரிப் பட்டையைக் காணவில்லை.

"எங்கே அது?"

"அண்ணி இப்பதான் வந்தாங்க, எடுத்தாங்க, போனாங்க" என்றாள் ஃபுசி. "ஏன்னு நான் கேக்கல."

"கேக்கக் கூடாது."

சாயங்காலம் ஊரே முனைக்கு வந்தது. கம்பம் நின்றது. பாதிரியார் ஜெபித்தார், பாட்டு அலையைத் தாண்டிப் போயிற்று. கலோலைனே கூடையிலிருந்து வெள்ளை மணலைக் கம்பத்தடியில் கொட்டினாள். சதுரமாக நிரவினாள். அதன்மேல் கருங்கூழாங்கற்களை ஒவ்வொன்றாக, இடம் பார்த்து வைத்தாள். மூன்று மூலைக்குக் கல். நான்காவது மூலையில் பித்தளைப் பட்டையை நிமிர்த்தி மணலில் அழுத்தினாள். அது சதுரத்தின் மூலையை இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

சூரியன் கடலுக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. லொபேட்டிக்கு வியர்த்தது. பிறகு கண்ணாடிக்குள் விளக்கு தானாகப் பற்றியது. நான்கு முகத்திலும் வெளிச்சம் வந்தது, விளிம்புகளில் பித்தளை மின்னியது.

கலோலைனே இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு வருஷத்து முடிச்சு, லேசில் வரவில்லை. ஃபுசி உதவிக்கு நகர்ந்தாள். அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. பாயை மடித்து மணல்மேல், தலைமாடு என்று அவள் தீர்மானித்த இடத்தில் வைத்தாள்.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்தது. அவள் கம்பத்தின் கடல் பக்கம் நின்றாள். லொபேட்டி அதற்கு அடுத்த பக்கம், ஊரைப் பார்த்துமில்லை, அவளைப் பார்த்துமில்லை. நடுவில் பித்தளை மூலை.

"தம்பி" என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி. "இது எனக்கு."

கெபு வாசலில் நின்று சொல்கிற அதே வார்த்தை.

"எடுத்துக்கோங்கக்கா" என்றான். மிச்சத்தைச் சொல்லத்தான் வாய் வந்தது. அக்காவாயிற்றே என்று அடக்கிக்கொண்டான்.

அலை ஒன்று வந்து திரும்பிப் போயிற்று.

"பல்லை மட்டும் மிச்சம் வச்சிருக்கேன்" என்றாள் கலோலைனே.